பக்கத்தின் பக்கம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மங்கா என்கிற ஜப்பானியக் காமிக்ஸை வலமிருந்து இடமாகப் புரட்டிப் பழகி, இப்போது தமிழ்ப் புத்தகத்தையும் பின்னட்டையிலிருந்து திறக்கிற இளைஞர்களே, வணக்கம்.

ஓவியரின் பாணியைச் செதுக்கியது மங்காவின் பக்கமா, அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷனும் கேமும் ஓடும் திரையா என்பது தலைப்பு. நான் பக்கத்தின் பக்கம்.

எதிரணித் தலைவர் ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று ஆரம்பித்துக் கைதட்டல் வாங்கினார். ஐயா, அது கைப்பழக்கம். கண்பழக்கம் இல்லை. திரைக்கு முன்னால் ஆயிரம் மணி நேரம் உட்கார்ந்தால் பழகுவது கண். கேம் என்றால் கூடவே கட்டைவிரல். கோடு போடும் மணிக்கட்டுக்கு அங்கே வேலையே இல்லையே!

அவர் முதல் சாட்சியாக ‘டிராகன் பால்’ மங்கா வரைந்த அகிரா தோரியாமாவைக் கூட்டி வந்தார். ‘சின்ன வயதில் டிஸ்னியின் 101 டால்மேஷியன்ஸ் பார்த்துத்தான் தோரியாமாவுக்கு வரைகிற ஆசையே வந்தது, அது திரைதானே?’ என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அந்தப் படம் எப்படித் தயாரானது என்று சொல்லாமல் விட்டுவிட்டார். அதற்கு முந்தைய டிஸ்னி படங்களில் அனிமேட்டர் பென்சிலில் வரைவார். மைக்கூடத்தில் இருப்பவர்கள் அதைச் செல்லுலாய்டு தாளில் மையால் மறுபடி இழுப்பார்கள். பென்சிலின் துடிப்பு அங்கேயே போய்விடும். 1961இல் வந்த இந்தப் படத்தில்தான் ஜெராக்ஸ் முறையை முழுப் படத்துக்கும் பயன்படுத்தினார்கள். அனிமேட்டரின் பென்சில் கோடு, சொரசொரப்போடு நேரடியாகச் செல்லுலாய்டு தாளுக்குப் போனது. அந்தச் சிறுவன் பார்த்தது திரைக்கு ஏறி வந்த காகிதக் கோடுதான். சாட்சி எங்கள் பக்கம் பேசுகிறார், நடுவர் அவர்களே.

மங்கா கையை எப்படிப் பழக்குகிறது? அதன் அடிப்படைக் கருவி ஜி-பென். மையில் தொட்டு எழுதும் நிப். அழுத்தினால் அதன் இரண்டு கால்களும் விரிந்து கோடு தடிக்கும், அழுத்தத்தை விட்டால் மெலியும். முடிக்கற்றையை வேரில் அழுத்தித் தொடங்கி, நுனியில் தாளிலிருந்து பேனாவை இழுத்து எடுத்தால் கூர்மையாக முடியும். ஜப்பானில் இதற்கு ‘நுகி’ என்று பெயர். அச்சிட்ட பக்கத்தை உற்றுப் பாருங்கள். கை எங்கே அழுத்தியது, எந்தப் பக்கமாக ஓடியது, எங்கே தாளை விட்டது என்று கோட்டின் தடிமனே சொல்லிவிடும். குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் கைரேகை மாதிரி!

‘நாங்களும் மங்காவைப் பார்த்து வரைந்தோம், கோடு வரவில்லையே’ என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. வராததற்குக் காரணம் அளவு. மங்கா வரைவது பி4 தாளில், உள்சட்டம் 180 × 270 மில்லிமீட்டர். வார இதழில் அது ஆறில் ஐந்து பங்காகச் சுருங்கும். தனிப் புத்தகமாகும்போது இன்னும் சுருங்கும். சுருங்கிய அளவிலேயே பார்த்து வரைந்தால் ஜி-பென் கோடு தடியாகத்தான் தெரியும். உடனே பேனா சரியில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டு 0.3 பைன்லைனருக்குத் தாவுகிறோம். பைன்லைனர் எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிமன்தான் தரும். அங்கே செத்தது கோடு. வார இதழ்ப் பக்கத்தை 120 சதவீதத்துக்கும், தனிப் புத்தகத்தை ஒன்றரை மடங்குக்கு மேலும் பெரிதாக்கி நகல் எடுத்து வரையுங்கள். மணிக்கட்டை வளைக்காமல் தாளைத் திருப்புங்கள். புது நிப்பில் மை உருண்டு ஓடினால் அது துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய். டிஷ்யூவால் துடைத்தால் போதும். பழைய நிப் மெல்லிய கோடு தர மறுத்தால் கால்கள் விரிந்துவிட்டன என்று அர்த்தம். அதோடு மல்லுக்கட்டாமல் மாற்றிவிடுங்கள்.

கோடு காட்டிக்கொடுக்கும் அந்தக் கைரேகையை அனிமேயில் தேடிப் பாருங்கள். தொலைக்காட்சித் தொடரில் முக்கியமான நிலைகளைக் கீ அனிமேட்டர் வரைவார். இடைப்பட்ட படங்களை வேறொருவர் நிரப்புவார். பாத்திரத்தின் மாதிரித் தாளோடு ஒப்பிட்டு அனிமேஷன் இயக்குநர் முகங்களைத் திருத்துவார். வண்ணம் நிரம்ப வேண்டுமானால் கோடு எங்கும் விட்டுப்போகாமல், ஒரே சீராக இருக்க வேண்டும். ஆக, நாலு பேர் கை பட்டு, எந்தக் கையின் அடையாளமும் மிஞ்சாமல் வழித்தெடுத்த கோடு அது. அவர்கள் திறமையைக் குறை சொல்லவில்லை. அந்த வேலைக்கே அப்படிக் கோடுதான் வேண்டும். பாணி கற்க வருபவருக்கு அதில் என்ன கிடைக்கும்?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், வீடியோவை நிறுத்தி நிறுத்தி வரைந்து பழகலாம் என்று யோசனை சொன்னார். வினாடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தால் 12 படம், மூன்றுக்கு வைத்தால் 8. சண்டைக் காட்சியில் நிறுத்தினால் பெரும்பாலும் மாட்டுவது இடைப்படம். கை ரப்பராக நீண்டிருக்கும், ஒரு கண் கன்னத்துக்கு இறங்கியிருக்கும். முன்னும் பின்னும் வரும் படங்களோடு ஓடினால்தான் அதற்கு அர்த்தம். தனியாக எடுத்து வரைபவர் அந்தக் கோணலையே பாணி என்று நினைத்துக்கொள்வார். அசைவு, ஒளி, கேமரா கோணம் ஆகியவற்றைக் கற்க அனிமே நல்ல ஆசிரியர், அதை மறுக்க மாட்டேன். ஆனால் தலைப்பு அதுவல்ல.

கேமுக்கு வருவோம். 1983இல் வந்த பாமிகாம் கேம் கருவியில் ஸ்பிரைட் என்கிற நகரும் உருவம் ஒன்றுக்கு மூன்று நிறமும் ஒரு வெறுமையும்தான். வழக்கமான பாத்திரம் 16 × 16 புள்ளி. எங்கள் தெரு மார்கழிக் கோலத்துக்கே இதைவிட அதிகப் புள்ளி வைப்பார்கள்! 1981இல் ‘டாங்கி காங்’ கேமில் மாரியோவுக்குத் தொப்பி வந்தது முடி வரைய இடமில்லாததால், மீசை வந்தது வாய் வரைய இடமில்லாததால். ஆக, பாத்திரத்தின் வடிவத்தைத் திரையின் நெருக்கடி செதுக்கியது உண்மை. இந்த ஒரு மதிப்பெண்ணை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் ‘டிராகன் குவெஸ்ட்’ கேமில் வரும் ஸ்லைம் என்கிற குட்டி அரக்கனைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்களே, அது செல்லாது. 1986இல் அந்தக் கேமை வடிவமைத்த யூஜி ஹோரீ கொடுத்த வரைவில் ஸ்லைம் என்பது உருகிக் கிடக்கும் குவியல். அதைச் சிரிக்கும் நீர்த்துளியாக மாற்றியவர், 1980 முதல் வாராவாரம் மங்கா வரைந்து பழகிய தோரியாமா. ஜப்பானியப் பிள்ளைகள் அவருடைய கோடுகளை எங்கே பார்த்தார்கள்? அட்டைப் பெட்டியிலும், உள்ளே இருந்த கையேட்டிலும். இரண்டுமே அச்சிட்ட காகிதம்.

‘பைனல் ஃபேன்டசி’ கேமுக்கு வரைந்த ஓவியர் யோஷிதாகா அமானோவையும் விடவில்லை. பதின்வயதிலேயே தத்சுனோகோ அனிமே நிறுவனத்தில் சேர்ந்தார் என்றார்கள். சரி. 1982இல் வெளியே வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இன்று அமானோ என்றதும் நம் கண்ணில் நிற்கும் அந்த நூல்நூலாகப் பிரியும் மைக்கோடு, அதற்குப் பிறகு புத்தகங்களுக்கு வரைந்த படங்களில் வளர்ந்தது. 1983இல் தொடங்கிய வேம்பயர் ஹண்டர் டி நாவல்களை எடுத்துப் பாருங்கள். பைனல் ஃபேன்டசி வந்தது 1987இல். கேம் போய்க் கதவைத் தட்டியபோது பாணி ஏற்கெனவே வீட்டில் இருந்தது.

‘நருடோ’ மங்கா வரைந்த மசாஷி கிஷிமோதோவை மாற்றியது ‘அகிரா’ என்றார்கள். இது தோரியாமா அகிரா இல்லை, ஓதோமோ இயக்கிய ‘அகிரா’ அனிமே படம், குழம்பவேண்டாம். பள்ளிக் காலத்தில் கிஷிமோதோவைப் பிடித்து நிறுத்தியது அந்தப் படத்துக்கான விளம்பர ஓவியம். அசையாத ஒற்றை ஓவியம்.

இப்போது எல்லோரும் திரையில்தானே வரைகிறார்கள் என்று கேட்பீர்கள். கிளிப் ஸ்டூடியோ மென்பொருளைத் திறங்கள். பேனாக்கள் இருக்கும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஜி-பென்! திரைக்கே பக்கத்திடம் டியூஷன் தேவைப்படுகிறது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்து வரும் எதிரணி நண்பர் கையில் மஞ்சள் முடியோடு ‘டிராகன் பால்’ நாயகன் கோக்குவின் படம் தெரிகிறது. பலம் கூடும்போது மாறும் ‘சூப்பர் சயான்’ உருவம், அனிமேயின் வண்ணம் என்று ஆரம்பிக்கப் போகிறார். 1991இல் மங்காவில் அந்த உருவம் வந்ததற்குத் தோரியாமா சொன்ன காரணங்களில் ஒன்று மிகச் சாதாரணமானது. கோக்குவின் கறுப்பு முடிக்கு மை நிரப்பவே உதவியாளருக்கு அவ்வளவு நேரம் போய்க்கொண்டிருந்தது. முடியை வெள்ளையாகவே விட்டால் வேலை மிச்சம். ஊர்களைத் தரைமட்டமாக்கிப் பொட்டல்வெளியில் சண்டை வைத்ததும் பின்னணி வரையும் நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான். நிழலுக்காக ஒட்டும் புள்ளித் தாளான ஸ்கிரீன்டோன் ஒட்டுவது கஷ்டம் என்று அதையும் ஒதுக்கி வைத்தவர். வாரக்கெடு, மை, ஒரு உதவியாளரின் வலிக்கிற கை, இவை சேர்ந்து கொடுத்த முடி அது. நண்பர் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டும்போது, மஞ்சளுக்கு அடியில் மை படாத வெள்ளைத் தாள் இருப்பதை நடுவர் மறந்துவிடக் கூடாது. வணக்கம்.