எயோதியாளும் சிந்திகேயாளும்: சபையின் ஐக்கியம் எங்கே தொடங்குகிறது?

[திரையில்: பழைய மக்கெதோனியாவின் வரைபடம். பிலிப்பி பட்டணம் ஒளிர்கிறது.]

அன்பானவர்களே, வணக்கம்.

பிலிப்பியருக்குப் பவுல் எழுதியதை மகிழ்ச்சியின் நிருபம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். சந்தோஷமாயிருங்கள் என்று அதில் திரும்பத் திரும்பச் சொல்கிறார், அதுவும் கட்டுண்ட கைதியாக இருந்துகொண்டு. ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு நடுவிலும் அவர் மனதை உறுத்திய ஒரு காரியம் இருந்தது. நான்காம் அதிகாரம், இரண்டாம் வசனத்துக்கு வாருங்கள்.

[திரையில் வசனம்: "கர்த்தருக்குள் ஒரே சிந்தையாயிருக்க எயோதியாளுக்குப் புத்திசொல்லுகிறேன், சிந்திகேயாளுக்கும் புத்திசொல்லுகிறேன்."]

சுவிசேஷத்திற்காகத் தம்மோடு பாடுபட்டவர்கள் என்று பவுலே சாட்சி சொல்லும் இரண்டு பெண்கள். அவர்களுக்குள் மனஸ்தாபம். எதற்காக, யார் பக்கம் நியாயம் என்று அவர் எழுதவில்லை. இவருக்கு ஒருமுறை, அவருக்கு ஒருமுறை என்று ஒரே புத்தியை இருவருக்கும் சமமாகச் சொல்கிறார். சபை கூடியிருக்கும்போது உரக்க வாசிக்கப்பட்ட நிருபம் இது. அந்த இருவரும் அங்கே இருந்திருந்தால், தங்கள் பெயர் வருவதற்கு முன்பே இரண்டாம் அதிகாரத்தைக் கேட்டிருப்பார்கள். பவுலின் மருந்து அங்கேதான் இருக்கிறது.

அதன் வீரியம் புரிய வேண்டுமானால் அந்தப் பட்டணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கி.மு. 42-இல் பிலிப்பிக்கு அருகே ரோமர்களுக்குள் பெரும் போர் நடந்தது. ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்களான புரூட்டஸும் காசியஸும் தோற்றார்கள். வென்ற பக்கத்தின் படைவீரர்கள் அங்கே குடியமர்த்தப்பட்டார்கள். பிலிப்பி ரோமக் குடியேற்றமானது. குடியுரிமையும் பதவியும் பட்டமும்தான் அங்கே மனிதனுக்கு மதிப்பு. தாழ்மையை அடிமைக்குரியதாகவே பார்த்த உலகம் அது. அங்கே வாழ்ந்த விசுவாசிகளுக்குப் பவுல் எழுதுகிறார்: "மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்."

வரிசையைக் கவனியுங்கள். இரண்டாம் அதிகாரம், இரண்டாம் வசனத்தில் ஒரே சிந்தையாயிருங்கள் என்று கேட்கிறார். அதற்கு வழியாக மூன்றாம் வசனத்தில் தாழ்மையை வைக்கிறார். ஐந்தாம் வசனத்திலிருந்து கிறிஸ்துவைக் காட்டுகிறார்: தேவனுடைய ரூபமாயிருந்தவர் அடிமையின் ரூபமெடுத்தார், சிலுவையின் மரணம் வரைக்கும் கீழ்ப்படிந்தார். ரோமக் குடிமகனுக்குப் பொதுவாகக் கொடுக்கப்படாத தண்டனை சிலுவை. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரியது. குடியுரிமையில் பெருமைகொண்ட ஊரில் இந்த வரிகள் எப்படி விழுந்திருக்கும்!

என் எண்ணத்தைச் சொல்கிறேன். நாம் ஐக்கியத்துக்காகக் கூட்டம் கூட்டுகிறோம், தீர்மானம் போடுகிறோம், சேர்ந்து பாடுகிறோம். எல்லாம் நல்லதுதான். ஆனால் "என் இடம்" என்ற எண்ணம் உள்ளே அசையாமல் இருக்கும்வரை அவற்றால் ஒன்றும் ஒட்டுவதில்லை. சபைப் பிணக்குகள் பலவற்றில் உபதேசத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு மரியாதைக்காகச் சண்டையிடுகிறோம்.

[திரையில்: கொரிந்து]

பவுல் நிருபம் எழுதிய இன்னொரு சபையான கொரிந்துவில் இது பச்சையாகவே வெளிப்பட்டது. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் சேர்ந்தவன் என்று கட்சி கட்டினார்கள். கர்த்தருடைய பந்திக்குக் கூடிவந்த இடத்தில்கூட ஒருவன் பசியோடிருக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். திருமணங்களில் நாம் விரும்பி வாசிக்கும் 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரம் இவர்களுக்குத்தான் எழுதப்பட்டது. வரங்களைக் குறித்துப் பேசும் 12-க்கும் 14-க்கும் நடுவே அது நிற்கிறது. "அன்புக்குப் பொறாமையில்லை" என்கிறார் பவுல். மூன்றாம் அதிகாரத்தில் அவர்களிடம் அவர் கண்ட குற்றமே பொறாமைதான். அன்பு "இறுமாப்பாயிராது" என்கிறார். சிலர் இறுமாப்படைந்திருக்கிறார்கள் என்று நான்காம் அதிகாரத்திலேயே எழுதியிருந்தார். கேட்டவர்களுக்கு ஒவ்வொரு வரியும் சுருக்கென்று தைத்திருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தாழ்மை என்ற பெயரில் காயப்பட்டவர்களை வாயடைக்கச் செய்வது சபைகளில் நடக்கிறது. "ஐக்கியம் கெட்டுவிடும், பேசாதே" என்கிறார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிடுவதிலிருந்து பேதுரு விலகிக்கொண்டபோது, பவுல் முகமுகமாய் எதிர்த்து நின்றார். பந்தியில் யாரையும் தள்ளி வைக்கக் கூடாது என்பதற்காகவே அந்த எதிர்ப்பு. ஐக்கியத்தைக் காக்கவே அவர் பேசினார். பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்திலும் இறங்கி வந்தவர் யார்? மேலே இருந்தவர். கடைசி இராப்போஜனத்தின்போது, தங்களில் யார் பெரியவன் என்று சீஷர்கள் வாதாடியதை லூக்கா எழுதுகிறார். அந்த இரவில் போதகரே துண்டைக் கட்டிக்கொண்டு அவர்கள் கால்களைக் கழுவியதை யோவான் எழுதுகிறார். ஆகவே முதலில் இறங்க வேண்டியவர் பதவியிலும் வயதிலும் செல்வாக்கிலும் உயர்ந்திருப்பவர்.

எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிட வேண்டும் என்பதும் இல்லை. ரோமர் 14-இல் ஒருவன் மரக்கறி மட்டும் உண்கிறான், மற்றவன் எல்லாவற்றையும் உண்கிறான். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், மற்றவன் எண்ணுவதில்லை. ஒருவரை ஒருவர் அற்பமாக எண்ணாமலும் குற்றவாளியாகத் தீர்க்காமலும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதோடு பவுல் அந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறார்.

[திரையில்: பிலிப்பியர் 4:3]

மறுபடியும் அந்த இரண்டு பெண்களிடம் வருவோம். பவுல் அவர்களை இப்படியே விட்டுவிடவில்லை. "என் உத்தம கூட்டாளியே" என்று மூன்றாவது ஒருவரை அழைத்து, அவர்களுக்கு உதவியாயிருக்கும்படி கேட்கிறார். அவர் பெயர் நிருபத்தில் இல்லை. பல பிணக்குகளில் நாம் எயோதியாளும் இல்லை, சிந்திகேயாளும் இல்லை. பக்கத்தில் நிற்கும் அந்த மூன்றாமவர். ஒரு தரப்பின் குறையைக் கேட்டு அதை அடுத்தவரிடம் கொண்டுபோவது நமக்குச் சுலபம். பவுல் அவரிடம் கேட்டது வேறு. இருவருடைய உழைப்பையும் அவருக்கு நினைவூட்டி, இருவரையும் ஒரே சிந்தைக்குக் கொண்டுவரும் வேலையைக் கொடுக்கிறார். இப்போது உங்கள் சபையில் பேசாமல் இருக்கும் இருவர் உங்கள் நினைவுக்கு வந்தால், இந்த வாரமே அவர்கள் இருவரையும் போய்ப் பாருங்கள்.