பத்தில் எத்தனை?

நேயர்களுக்கு வணக்கம். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில், அவசர சிகிச்சைப் பிரிவின் வாசல் மேசையில் பல வருடங்கள் தாதியாக இருந்தேன். வந்தவர்களில் யார் முதலில் உள்ளே போக வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று தீர்மானிக்கும் மேசை அது. அங்கே இருந்து நான் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ‘நோவு பத்தில் எத்தனை?’

பூச்சியம் என்றால் நோவே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் நோவை யார் எண்ணிப் பார்த்தார்கள்? குத்து, உளைவு, எரிவு, கடுப்பு, இறுக்கம் என்று அதற்கு வகை சொல்லத் தெரிந்தவர்கள் நாங்கள். உளைவுக்கு எத்தனை புள்ளி போடுவது?

ஒரு பெப்ரவரி இரவு. எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா, கூடவே பதின்மூன்று பதினான்கு வயதுப் பேரன். பிள்ளைகள் இரவு வேலைக்குப் போயிருந்தார்கள். நான் வேறொருவருக்கு இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரத் தாதிதான் அவர்களை விசாரித்தார். பேரன் ஆங்கிலத்தில் சொன்னான்: ‘அம்மம்மாவுக்கு வயிற்றில் வாயு.’ பத்தில் எத்தனை என்று கேட்கச் சொன்னார் தாதி. அவன் கேட்டான். அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, ‘இரண்டு என்று சொல்லு ராசா, இவர்களுக்கு ஏன் கரைச்சல்’ என்றார். அவன் இரண்டு என்றான். மொழிபெயர்ப்பில் பிழையே இல்லை.

எனக்குக் கேட்டது அந்தக் ‘கரைச்சல்’. திரும்பிப் பார்த்தேன். வெளியே உறைபனி. மேல்சட்டைக்கு மேலே சால்வை போர்த்திக்கொண்டு வந்தவருக்கு நெற்றி முழுக்க வியர்வை. போய் அருகில் நின்று தமிழில் கேட்டதும் மூன்று விடயங்கள் வந்தன: மத்தியானத்திலிருந்து நெஞ்சுக்குள் ஏதோ பிடித்தமாதிரி இருக்கிறது, இரண்டு தடவை சத்தி எடுத்தார், இருபது வருடமாக நீரிழிவு. உடனே இதயத் துடிப்புப் பதிவு எடுத்தோம். மாரடைப்பு. நீரிழிவு உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அது பல நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் நாடகக் காட்சியாக வருவதில்லை. வியர்வை, மூச்சு வாங்குதல், சத்தி, சொல்லத் தெரியாத அலுப்பு என்று பதுங்கி வரும்.

அந்த ‘இரண்டு’ கணினியில் ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கனடாவின் அவசரப் பிரிவுகளில் நோயாளர்களை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறோம். முதல் நிலை, உயிர் போகிற நிலை. உடனே பார்க்க வேண்டும். இரண்டாம் நிலைக்கு 15 நிமிடம், மூன்றாவதற்கு 30, நான்காவதற்கு ஒரு மணி, ஐந்தாவதற்கு இரண்டு மணி. நோவு வெறும் இரண்டு என்றால் அந்த அம்மா நான்கிலோ ஐந்திலோ விழுந்திருக்கக்கூடும். இந்த நேரங்கள் எட்ட வேண்டிய இலக்குகள் மாத்திரமே. நான்கிலும் ஐந்திலும் விழுந்தவர்கள் எத்தனை மணி நேரம் இருக்கிறார்கள் என்பது இந்த நிகழ்ச்சியைக் கேட்கும் பலருக்கு அனுபவத்தில் தெரியும். ‘எனக்குப் பிறகு வந்தவரை எப்படி முதலில் கூப்பிட்டீர்கள்’ என்று என்னுடன் சண்டைக்கு வந்த தமிழர்கள் ஏராளம். பஸ் வரிசை நியாயம் அங்கே செல்லாது. ஆனால் நிலை குறிப்பதில் பிழை விட்டால் அந்தக் கதிரையிலேயே ஒருவர் செத்துப்போகலாம் என்பதும் உண்மை.

நடந்திருக்கிறது. 2008ஆம் ஆண்டு வினிப்பெக் நகரில் பிரையன் சின்கிளேயர் என்ற பூர்வகுடி மனிதர், சிறுநீர் வெளியேறப் பொருத்தியிருந்த குழாய் அடைபட்டதால் சக்கர நாற்காலியில் அவசரப் பிரிவுக்கு வந்தார். 34 மணி நேரம் காத்திருக்கும் கூடத்திலேயே இருந்தார். குழாயை மாற்றி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால் தீர்ந்திருக்கும். குடித்திருக்கிறார், குளிருக்கு ஒதுங்கியிருக்கிறார் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். பார்த்தபோது உயிர் போய் நேரமாகியிருந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல முடியாது. வந்தவுடன் ஒருவர் பேசியதோடு சரி, அதற்குப் பிறகு அவரிடம் என்ன வருத்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, கூடம் ஏன் இப்படி நிரம்பி வழிகிறது? அரசியல்வாதிகளிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில். மேசையில் இருந்தவளாக எனக்குத் தெரிந்தது இது: முன் கதவும் பின் கதவும் அடைபட்டுக் கிடக்கின்றன. பின் கதவு, சிகிச்சை முடிந்தும் முதியோர் இல்லத்தில் இடம் கிடைக்காமல் மேல்மாடிக் கட்டில்களில் கிடக்கும் முதியவர்கள். 2022இல் எங்கள் ஒன்ராறியோ மாகாணம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. காட்டிய இல்லத்துக்குப் போக மறுப்பவருக்கு நாளொன்றுக்கு 400 டொலர் கட்டணம். தமிழ் பேசுகிறவர் ஒருவரும் இல்லாத, 70 கிலோமீற்றர் தூரத்து இல்லத்துக்கு ஒரு தமிழ் அம்மாவை அனுப்பலாம் என்பதுதான் அதன் பொருள். அந்தச் சட்டத்தில் எனக்கு உடன்பாடு இல்லை, அவ்வளவுதான்.

முன் கதவு குடும்ப வைத்தியர். 2022இல் நடந்த நாடளாவிய ஆய்வொன்றின்படி கனடாவில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, அதாவது ஆறு மில்லியனுக்கும் அதிகமானவர்களுக்கு, அப்படி ஒருவர் இருக்கவில்லை. 2025 ஜனவரியில் ஒன்ராறியோவின் வோக்கர்ட்டன் என்ற சிற்றூரில் புதிய வைத்தியர் ஒருவர் முதலில் வரும் 500 பேரைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். பனியில், விடியுமுன்பே, ஆயிரம் பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். 2000ஆம் ஆண்டில் குழாய்த் தண்ணீர் நஞ்சாகி ஏழு பேர் இறந்த அதே ஊர். இருக்கும் வைத்தியர்களோ வாரத்துக்கு 19 மணி நேரம் வரை படிவமும் கடிதமும் நிரப்புவதில் போகிறது என்கிறார்கள். தொலைநகல் இயந்திரம் உலகத்தில் வேறெங்கு இருக்கிறதோ தெரியாது, எங்கள் வைத்தியசாலைகளில் இருக்கிறது.

குடும்ப வைத்தியர் இல்லாதவர் ஒவ்வொரு இடத்திலும் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஆங்கிலம் வராதவருக்கு அந்தக் கதையைப் பேரப்பிள்ளை சொல்கிறது, அல்லது மகன் சொல்கிறார். மகன் சொல்வதில் இன்னொரு சிக்கல். ஒரு தடவை விசேட வைத்தியர் தெளிவாகப் ‘புற்றுநோய்’ என்றார். மகன் தகப்பனைப் பார்த்து, ‘சின்னக் கட்டியாம் அப்பா, எடுத்துவிடுவார்களாம்’ என்றார். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்ராறியோவில் சத்திரசிகிச்சைக்குச் சம்மதிக்க வேண்டியவர் நோயாளிதான். என்ன நோய், என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து என்று விளங்கிக்கொண்டு சம்மதிக்க வேண்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சின்னக் கட்டிக்குக் கையொப்பம் வைத்தவர் எதற்குச் சம்மதித்தார்?

ஆகவே வீட்டில் முதியவர்கள் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவர்கள் எடுக்கும் குளிசைகளை, ஊரிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கதவருகே மாட்டி வையுங்கள். ஒவ்வாமை என்ன, பழைய வருத்தங்கள் என்ன என்று ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி அதற்குள் வையுங்கள். கண் சிவப்பு, பூச்சிக்கடி போன்றவற்றுக்கு 2023இலிருந்து ஒன்ராறியோவில் மருந்தாளரே மருந்து எழுதித் தரலாம். அதற்காக ஆறு மணி நேரம் கதிரையில் இருக்க வேண்டாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 811 இலக்கத்துக்கு அழையுங்கள், தாதி பேசுவார். நெஞ்சு விடயம் போல உயிருக்கு ஆபத்தான எதுவென்றாலும் நேரே 911.

வைத்தியசாலை மேசையில் சொல்ல அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இரண்டே இரண்டு சொல் பாடமாக்கி விடுங்கள்: ‘தமிழ் இன்ரப்பிறிற்றர்.’ பல வைத்தியசாலைகள் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தரும். எங்கள் மேசையில் அந்தத் தொலைபேசியை நடுவில் வைப்போம், எங்கேயோ இருந்து ஒரு குரல் ‘வணக்கம் அம்மா’ என்னும். முதியவர்கள் பலர் முதலில் கேட்பது, ‘பிள்ளை, நீங்கள் எந்த ஊர்?’ மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் சொந்த விடயம் பேசக்கூடாது என்பது விதி. ஒரு நாள் மாத்திரம், கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, ‘சாவகச்சேரி அம்மா’ என்று பதில் வந்தது. நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா எங்கே நோகிறது என்று சொல்லத் தொடங்கினார்.