பஜனையில கூட்டம் ஏன் வாய் திறக்க மாட்டேங்குது? ஸ்ருதி, ஜால்ரா, மைக்

வணக்கம் மக்களே! மார்கழி நெருங்கிடுச்சு, கோயில் மண்டபத்துலயும் ஃப்ளாட் ஹால்லயும் பஜனை கோஷ்டி கூட ஆரம்பிச்சிருப்பாங்க. இன்னிக்கு வீடியோ, முன்னாடி உக்காந்து நாமாவளி, அதாவது சாமி பேரை அடுக்கின பாட்டை, எடுத்துக் கொடுக்கறவங்களுக்கு. கச்சேரின்னா பாடகர் நல்லா பாடினா போதும். பஜனைல எதிர்ல இருக்கறவங்க பாடணும். பாடலைன்னா தப்பு பெரும்பாலும் மேடைப் பக்கம்தான்.

முதல்ல ஸ்ருதி. முன்னாடி பாடற பாகவதருக்கு 2 கட்டை (கட்டைன்னா ஸ்ருதியோட உயர அளவு) சௌகரியமா இருக்கும், அதுலயே ஆரம்பிச்சுடுவார். 2 கட்டைல மேல் ஷட்ஜத்தை (ஸ) தாண்டி காந்தாரம் (க) போனா, பயிற்சி இல்லாத ஆம்பளைக் குரல் உடையும், பொம்பளைங்களுக்குக் கத்தற மாதிரி ஆயிடும். ரெண்டு பேரும் சத்தமில்லாம நிறுத்திடுவாங்க. கலந்த கூட்டத்துக்கு 1 கட்டை வைங்க, நாமாவளி மேல் ரிஷபத்தை (ரி) தாண்டாம பாத்துக்கோங்க. கீழ் பஞ்சமத்துலேர்ந்து (ப) நடு பஞ்சமம் வரைக்கும் மட்டும் சுத்தற மெட்டா இருந்தா 3 கட்டைக்குக்கூட ஏத்தலாம். கட்டையை விட, மெட்டு எவ்வளவு உயரம் போகுதுங்கறதுதான் கணக்கு.

தம்புரா ஆப் வெச்சிருக்கவங்க அதை ஹார்மோனியத்துக்குச் சேர்த்து நகர்த்துங்க. ஹார்மோனிய ரீடை உக்காந்த இடத்துல மாத்த முடியாது, ஆப்ல முடியும். பழைய பெட்டிங்க கொஞ்சம் ஏறியோ இறங்கியோதான் நிக்கும். மிருதங்கமும் அப்படித்தான்: 1 கட்டை மிருதங்கத்தை அரைக் கட்டை ஏத்தலாம், அதுக்கு மேல இழுத்தா வார் அறும். அதனால ஸ்ருதியை முந்தின நாளே மிருதங்கக்காரர்கிட்ட சொல்லிடுங்க. தொப்பில (மிருதங்கத்தோட இடது பக்கம்) ஒட்டின ரவை ஃபேன் காத்துல காஞ்சுடும். பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணி இருக்கட்டும்.

அடுத்தது ஜால்ரா. இதோ, கையைப் பாருங்க. இடது கைல ஒண்ணை மல்லாத்தி லேசா பிடிச்சிருக்கேன். வலது கை ஜால்ராவை நேரா அதுமேல கவுத்தா... கேட்டீங்களா? ‘டப்’புன்னு மொண்ணையா இருக்கு, நடுவுல காத்து மாட்டிக்குது. விளிம்பு கொஞ்சம் தள்ளி விழற மாதிரி சாய்ச்சுத் தட்டினா... ‘டிங்’. எடுப்புல, அதாவது வரி ஆரம்பிக்கற இடத்துல, திறந்து ஒரு தட்டு, மத்த தட்டெல்லாம் விரலால அமுக்கி மூடி. எல்லாத்தையும் திறந்தே தட்டினா நாமம் என்னன்னே காதுல விழாது.

ஒரு கோஷ்டிக்கு ஒரு ஜால்ரா போதும், அதுவும் மிருதங்கத்தை ஒட்டி உக்காரணும். ஹாலோட நாலு மூலைல நாலு பேர் தட்டினா ஒவ்வொருத்தர் காதுக்கும் சத்தம் கொஞ்சம் பிந்திதான் வரும், காலப்பிரமாணம் (பாட்டோட வேகம்) இழுத்துக்கிட்டுப் போகும். மத்தவங்க கை தட்டட்டும். ஆசையா வாங்கிட்டு வந்த ஜால்ராவை வேணாம்னு சொல்றது சங்கடம்தான், ஆனா சொல்லித்தான் ஆகணும்.

வேகம் தானா ஏறும். அப்படி விடாம, அதை நீங்கதான் ஏத்தணும். முதல் வரியை ரெண்டு தடவை நிதானமா எடுத்துக் கொடுங்க, நிமிஷத்துக்கு 70 தட்டு மாதிரி. கூட்டம் மெட்டைப் பிடிச்சதுக்கப்புறம் மிருதங்கக்காரரைப் பாத்துட்டு, ஒரு தீர்மானம் (மிருதங்க முடிப்பு) விழுந்ததும் ஒரே தாவா துரிதத்துக்கு, அதாவது வேக நடைக்கு, போங்க. கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா பாதிப் பேர் பழைய வேகத்துலயே இருப்பாங்க. ‘கிருஷ்ணா’ ‘கிஷ்ணா’ ஆச்சுன்னா அதுதான் எல்லை, முடிச்சுட்டு, பாட்டு முடிவுல எல்லாரும் சேர்ந்து போடற கோஷமான புண்டரீகம் சொல்லிடுங்க. ‘கோபிகா ஜீவன ஸ்மரணம்’னு நீங்க, ‘கோவிந்தா கோவிந்தா’ன்னு கூட்டம். அந்த அரை நிமிஷத்துல ஸ்ருதியைச் சரி பண்ணிக்கலாம், தொண்டையை நனைச்சுக்கலாம்.

மைக் ரொம்பப் பேர் கவனிக்காத விஷயம். ஸ்பீக்கர் சத்தம் அதிகமானா பாடறவனுக்குத் தன் குரலே கேக்காது, அப்புறம் ஏன் பாடப் போறான்? ஒரு வரி எடுத்துக் கொடுத்ததும் மைக்கை விட்டு ஒரு முழம் பின்னாடி வாங்க. பின்பாட்டு ரெண்டு பேருக்கு ஒரு மைக் போதும். ஜால்ராவுக்கு மைக் வேண்டவே வேண்டாம். ஹார்மோனியக்காரர் நீங்க பாடறப்போ அடக்கி வாசிச்சு, கூட்டம் திருப்பிப் பாடறப்போ மெட்டை அழுத்தி வாசிக்கணும். நிறைய பேர் இதைத் தலைகீழா பண்றாங்க.

பத்ததின்னு, அதாவது பஜனையோட வரிசை முறைன்னு வந்தா, நாட்டை ராகத்துல தோடய மங்களம்ங்கற தொடக்கப் பாட்டு ஆரம்பிச்சு குரு தியானம். கோவிந்தபுரம் போதேந்திராள், திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள், இந்தப் பத்ததியை வகுத்துக் கொடுத்த மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள், மூணு பேரும் அங்க வந்துடுவாங்க. ரெண்டு மணி நேர பஜனைக்கு ஜெயதேவரோட அஷ்டபதி ஒண்ணு, நாராயண தீர்த்தரோட தரங்கம் ஒண்ணு போதும். ராதா கல்யாணம்னாதான் அஷ்டபதியை வரிசையா பாடணும். அஷ்டபதில சரணத்தைக் கூட்டத்துக்கிட்ட எதிர்பாக்காதீங்க, திரும்பத் திரும்ப வர்ற துருவபதத்தை மட்டும் கொடுங்க. மராத்தி பக்திப் பாட்டான அபங்கம் இப்ப ஃபேஷன், நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க பிருகா (வேகமா உருட்டற ஸ்வரங்கள்) போட ஆரம்பிச்ச நிமிஷம் கூட்டம் ரசிகர்களா மாறிடும்.

விளக்கைச் சுத்தி ஆடிப் பாடற திவ்ய நாமத்துக்கு குத்துவிளக்கைத் தாம்பாளத்துல வைங்க, எண்ணெய் தரைல சிந்தினா சுத்தி ஆடறவங்க வழுக்கி விழுவாங்க. சுத்தி ஆறடி காலியா இருக்கணும். ஃபேனை நிறுத்தினாத்தான் சுடர் நிக்கும், அதனால ஜன்னலை முன்னாடியே திறந்து வைங்க.

விடிகாலை வீதி பஜனைக்குப் போறவங்க மிருதங்கத்தை யோசிங்க. பனில தோல் ஈரத்தை இழுத்து, தெரு முக்கு திரும்பறதுக்குள்ள ஸ்ருதி இறங்கிடும். டோலக் பரவாயில்ல, தோள்ல மாட்டிக்கிட்டு நடந்துக்கிட்டே வாசிக்கலாம், நின்ன இடத்துலயே கயித்து வளையத்தைத் தள்ளி ஏத்திக்கலாம். நடக்கறப்போ மூச்சு வாங்கும், அதனால நீள வரி வேண்டாம், நாலு நாலு எழுத்தா இருக்கற நாமாவளியா எடுங்க. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னாதான் புண்டரீகம்.