பேரலுக்கு ஏத்த பெல்லட்: 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு எப்படித் தேர்வு செய்யணும்?

(காட்சி: டார்கெட் கார்டு, மிக நெருக்கத்தில்)

வணக்கம். கறுப்பு வட்டத்துக்கு நடுவுல இருக்கிற இந்த வெள்ளைப் புள்ளியோட விட்டம் 0.5 மில்லிமீட்டர். அதுதான் பத்து மதிப்பெண். அதைத் தொடப் போற பெல்லட்டோட, அதாவது ரைபிள் சுடுற சின்ன ஈயக்குண்டோட விட்டம் 4.5 மில்லிமீட்டர். பெல்லட்டோட மையம் புள்ளியோட மையத்துலேர்ந்து 0.25 மி.மீ.க்குள்ள விழுந்தா 10.9, அதுதான் ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சம். அதுக்கு மேல ஒவ்வொரு 0.25 மி.மீ.க்கும் 0.1 குறையும். அதாவது 0.75 மி.மீ. கூடுதலா விலகினா 0.3 போச்சு. உங்க கை, மூச்சு, ட்ரிகர் எல்லாம் சரியா இருந்தும் பெல்லட்டால மட்டும் ஒவ்வொரு ஷாட்லயும் 0.3 போனா, ஒரு போட்டியோட 60 ஷாட்ல 18 புள்ளி போயிடும். அதனாலதான் பெல்லட் டப்பா விஷயத்துல இவ்வளவு கவனம்.

(காட்சி: நாலு வகை பெல்லட் வரிசையாக)

கூர்முனை, உருண்டைத் தலை, குழித் தலை, தட்டைத் தலை. கார்டுக்கு இந்தக் கடைசி வகை மட்டும்தான். தட்டைத் தலை காகிதத்தைப் பஞ்ச் போட்ட மாதிரி வட்டமா வெட்டும். மத்தது கிழிக்கும், ஓட்டையை வச்சு மதிப்பெண் பார்க்க முடியாது. கூர்முனை வேட்டைக்குன்னு வந்தது. நம்ம நாட்டுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் அந்தப் பேச்சே வேண்டாம். காக்கா, புறா மேலயும் குறி வைக்காதீங்க.

ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் மாதிரி உயர் ரக டப்பாக்கள்ல ரெண்டு எண்ணைப் பாருங்க. முதல்ல எடை. ரைபிளுக்கு 0.53 கிராம், பிஸ்டலுக்கு இலகுவா 0.45 கிராம் பக்கம். அடுத்தது ஹெட் சைஸ், அதாவது தலையோட விட்டம் மி.மீ.ல: 4.49, 4.50, 4.51 இப்படி. பெல்லட்டோட தலை பேரலுக்குள்ள, அதாவது ரைபிள் குழாய்க்குள்ள, சுருளா வெட்டின வரிப்பள்ளங்களுக்கு நடுவுல இருக்கிற மேட்டுல உக்காரும். தலை சின்னதா இருந்தா உள்ள ஆடிக்கிட்டே போகும். பெருசா இருந்தா இறுகும், ஷாட்டுக்கு ஷாட் வேகம் மாறும். ஒரே கம்பெனி ரைபிள் ரெண்டு இருந்தாலும் ரெண்டு பேரலும் ஒரே சைஸைக் கேட்கும்னு சொல்ல முடியாது. அதனால "எந்த பிராண்ட் நல்லது?"ன்னு கேட்டா பதில் கிடைக்காது. "என் பேரல்ல எது சேருது?"ன்னு சோதிச்சுத்தான் பார்க்கணும்.

(காட்சி: நீளமான வீட்டின் நடை, கடைசியில் பெல்லட்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி, அதாவது ட்ராப்)

வடசென்னையில தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் வாசல்லேர்ந்து பின்கட்டு வரைக்கும் ரயில் பெட்டி மாதிரி நீளமா போற வீடுகள் இருக்கு. 10 மீட்டர் நேர்க்கோடு கிடைச்சா போதும். பின்கதவைத் தாழ் போடுங்க, குறுக்கே எந்த அறைக்கதவும் திறக்காம பார்த்துக்கங்க, அப்புறம்தான் ரைபிளை எடுக்கணும். மின்விசிறியை நிறுத்துங்க. மதியத்துக்கு மேல கடல்காத்து உள்ள புகுந்துடும், அதனால சோதனைக்குக் காலை நேரம் நல்லது.

ரைபிளை மணல் பை மேல வைங்க. நாலு ஹெட் சைஸ் சோதிக்கிறீங்கன்னு வைங்க. ஒவ்வொண்ணுலயும் முதல் 10 ஷாட்டைக் கணக்குல சேர்க்காதீங்க. முன்னாடி சுட்ட பெல்லட்டோட ஈயமும் மசகும் பேரல்ல ஒட்டியிருக்கும். அது மாறின பிறகுதான் புதுசோட உண்மையான குணம் தெரியும். அப்புறம் கார்டுக்கு 10 ஷாட்டா மூணு கார்டு. மொத்தம் 160 பெல்லட். அஞ்சே ஷாட் சுட்டு முடிவு பண்றவங்கதான் அதிகம். அஞ்சு ஷாட் அதிர்ஷ்டத்துல கூட ஒரே ஓட்டையில விழும்.

(காட்சி: வெர்னியர் காலிப்பரால் ஓட்டைக் கூட்டத்தை அளப்பது)

அளக்கிறது இப்படி: ஓட்டைக் கூட்டத்தோட ஒரு வெளி ஓரத்துலேர்ந்து எதிர் ஓரம் வரைக்கும் அளந்து 4.5-ஐக் கழிங்க. அளவு 6.5 மி.மீ.ன்னா குரூப், அதாவது ஓட்டைகளோட பரவல், 2 மி.மீ. நடுவுல சரியா விழுந்தா இதுல மோசமான ஷாட்டும் 10.6. அதே குரூப் 4 மி.மீ.ன்னா மோசமானது 10.2-க்கு இறங்கும். குறைஞ்ச எண் வந்த ஒரு கார்டைப் பார்க்காதீங்க, மூணு கார்டோட சராசரியைப் பாருங்க.

ஸ்பிரிங் ரைபிள், அதாவது ஸ்பிரிங் தள்ளுற பிஸ்டனால காத்தை அழுத்திச் சுடுற வகை, வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அதை வைஸ்ல (பட்டறை இடுக்கியில) இறுக்கியோ கெட்டியான மேசை மேல வச்சோ சுடாதீங்க. பெல்லட் வெளியே போறதுக்கு முன்னாடியே பிஸ்டன் ரைபிளை உதறிடும். இறுக்கினா குரூப் சிதறும், பழி பெல்லட் மேல விழும். உள்ளங்கையைத் திறந்து அது மேல தளர்வா உக்கார வைங்க.

எடை போட்டுப் பிரிக்கணுமான்னு நிறைய பேர் கேட்கறீங்க. சௌகார்பேட்டை நகைப் பட்டறைகள்ல இருக்கிற மாதிரி மில்லிகிராம் காட்டுற தராசு இருந்தா விலை குறைஞ்ச பெல்லட்டைப் பிரிக்கலாம், பலன் இருக்கு. உயர் ரகத்துக்கு அந்த நேரம் வீண். அதுக்குப் பதிலா ஸ்கர்ட்டைப் பாருங்க, அதான் பின்பக்கத்து மெல்லிய விளிம்பு. சின்ன நசுங்கல் இருந்தாலும் காத்து ஒரு பக்கமா கசிஞ்சு பெல்லட்டைச் சாய்ச்சிடும். டப்பாவைக் குலுக்காதீங்க, கொட்டாதீங்க. மேல இருக்கிற ஸ்பான்ஞ்சைத் தூக்கிப் போடாதீங்க.

(காட்சி: ஈய பெல்லட்டும் வெள்ளீய பெல்லட்டும்)

ஈயம் வேண்டாம்னா வெள்ளீயம் இருக்கு. அதே அளவுல மூணுல ஒரு பங்கு எடை குறைவு, கொஞ்சம் கடினம். வேகமா கிளம்பும், ஆனா சீக்கிரம் வேகம் இழக்கும். இரும்புத் தகட்டுல பட்டா திரும்பி வர வாய்ப்பும் கூட. பாதுகாப்புக் கண்ணாடி போடாம சுடவே கூடாது. சின்னப் பிள்ளைங்க பழகுற இடத்துக்கு விலை கூடினாலும் நான் வெள்ளீயத்தைத்தான் சொல்வேன். போட்டிக்கு இன்னும் ஈயம்தான் கைகொடுக்குது.

ஈயத்தைத் தொட்ட கையோட டீ குடிக்காதீங்க, பெல்லட்டை வாயில வச்சுக்காதீங்க. ட்ராப்பைச் சுத்தி விழுற தூளைத் துடைப்பத்தால பெருக்கினா காத்துல பறக்கும், ஈரத்துணியால துடைங்க. சேர்ந்த ஈயத்தை மூடின டப்பாவுல போட்டு காயலாங்கடையில கொடுங்க. வலைக்குக் குண்டு வார்க்கலாம்னு வீட்டு அடுப்புல உருக்க வேண்டாம், அந்தப் புகை நேரா நுரையீரலுக்குப் போகும்.

சேருற பெல்லட் கிடைச்சா, டப்பா அடியில இருக்கிற பேட்ச் எண்ணைக் குறிச்சு வச்சு, அதே எண்ணுல ஒரு சீசனுக்குத் தேவையானதை மொத்தமா வாங்குங்க. பேட்ச் மாறினா பேர் ஒண்ணா இருந்தாலும் சோதனையை முதல்லேர்ந்து செய்யணும். காசிமேடு, திருவொற்றியூர்னு கடலை ஒட்டி இருக்கிறவங்க, காத்துப் புகாத டப்பாவுல சிலிகா ஜெல் பையோட வைங்க. உப்புக்காத்து பட்டா ஈயம் வெள்ளையா மாவு பூக்கும். அப்படிப் பூத்ததைத் தேய்ச்சு எடுத்துச் சுடாதீங்க, அந்த மாவும் விஷம்தான். தனியா எடுத்து அந்தக் காயலாங்கடை டப்பாவுலயே போட்டுடுங்க.