கேக் பேசுகிறது

நேயர்களுக்கு வணக்கம். சமையலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வானொலியில் மணத்தைக் காட்ட வழியில்லை, நிறத்தையும் காட்ட வழியில்லை, மிச்சமிருப்பது ஓசைதான். நல்லதாகப் போயிற்று, நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

என் அலமாரியில் வெண்ணெய்க் கறை ஏறிய ஒரு புத்தகம் இருக்கிறது. 'தி டேஸ்ட் ஆஃப் கன்ட்ரி குக்கிங்', 1976இல் வந்தது. எழுதியவர் எட்னா லூயிஸ் என்ற கறுப்பினப் பெண்மணி. அமெரிக்காவின் தென்பகுதியில், வர்ஜீனியாவின் ஃப்ரீடவுனில் 1916இல் பிறந்தவர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் கூடி உண்டாக்கிய ஊர் அது. அவருடைய தாத்தாவும் அவர்களில் ஒருவர். அங்கே விறகடுப்புதான். பேக்கிங் பவுடரைக்கூட நாணயத்தின் மேல் வைத்து அளந்தார்களாம்.

கடிகாரமும் வெப்பமானியும் இல்லாமல் கேக் வெந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? காதால்! வேகும் கேக் உள்ளே மெல்லக் கொப்பளித்து முணுமுணுக்கும். வெந்துவிட்டால் அந்த முணுமுணுப்பு தேய்ந்து, கேட்டும் கேட்காமலும் ஆகிவிடும். இதைப் படித்தும் நான் நம்பவில்லை. கடிகாரத்தை நம்பினேன், முதல் கேக்கின் நடுப்பகுதி பள்ளமாக அமுங்கிவிட்டது.

அடுத்த முறை அச்சை வெளியே எடுத்து, துணியால் பிடித்துக் காதருகே கொண்டுபோனேன். அடுப்பின் விசிறி இரைச்சலில் ஒன்றும் கேட்காது; வெளியே எடுத்தே தீரவேண்டும். மாமியார் பார்த்துவிட்டார்.

"கேக்கிடம் என்னம்மா இரகசியம் கேட்கிறாய்?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. தாமும் காதைக் கொடுத்துக் கேட்டார். "இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. உள்ளே வை" என்றார். ஐந்து நிமிடம் கழித்து, "இப்போது சரி." கேக் பூப்போல வந்தது. கடுகு வெடித்து அடங்கும் ஓசையில் தாளிப்பின் பக்குவம் அறிந்தவருக்கு இதெல்லாம் பாடமா என்ன?

அமெரிக்கா போகாமலேயே இந்தச் சமையல் சென்னை வீட்டில் நடக்கிறது. கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன், அவ்வளவுதான். அங்கே கொலார்ட் கீரையைப் புகையூட்டிய பன்றி இறைச்சியோடு நெடுநேரம் வேகவைப்பார்கள். எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி ஆகாது, கொலார்டும் கிடைக்காது. ஆனால் கொலார்டும் நூல்கோலும் முட்டைக்கோஸ் இனம்தான். கடைக்காரர் கிள்ளி எறியும் நூல்கோல் இலையைக் கேட்டு வாங்குங்கள். சிரித்துக்கொண்டே சும்மா கொடுத்துவிடுவார். வெங்காயம், பூண்டு, மிளகாய் வற்றல் போட்டு வேகவைத்து, இறக்கும்போது ஒரு கரண்டி வினிகர். வெந்த நீரை மட்டும் கொட்டிவிடாதீர்கள். அங்கே அதில் சோள ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். நான் இட்லியைத் தோய்த்தேன். பழுதில்லை.

காராமணியும் சோறும் சேர்ந்த 'ஹாப்பிங் ஜான்' பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். புத்தாண்டு நாளில் அதிர்ஷ்டத்துக்காகச் சாப்பிடுவது. கண்ணாடிக்கு அப்பால் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம்.

பேக்கிங் பவுடரையாவது சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்குவதில் உலோகச் சுவை அடிக்கிறது என்று லூயிஸ் வீட்டிலேயே கலந்து வைத்துக்கொண்டார். இரண்டு பங்கு கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புத் தூள், ஒரு பங்கு சமையல் சோடா. சலித்து, ஈரம் படாத புட்டியில்... மூடி இறுக்கமாக இருக்கட்டும். வணக்கம்.