தக்காளிக்குள் முளைத்த விதை

நேயர்களுக்கு வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலை வேளையில், எங்கள் அடுத்த வீட்டு அம்மையார் அறுத்த தக்காளி ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு பதற்றத்துடன் வந்தார். பழத்தின் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் கிடக்கின்றன என்றார். பார்த்தால் அவை புழுக்கள் அல்ல. பழத்துக்குள்ளேயே விதைகள் முளைவிட்டிருந்தன. நெடுநாள் வைத்திருந்து அளவுக்கு மீறிக் கனிந்த பழத்தை அறுத்தபோது உங்களில் பலரும் இதைக் கண்டிருக்கக்கூடும். “பழத்துக்குள் விதை எப்படி ஐயா முளைக்கும்?” என்று அவர் கேட்டார். தாவர உடலியங்கியல் படித்த எனக்கோ அதற்கு நேர்மாறான கேள்விதான் பெரியதாகத் தோன்றியது. தக்காளி விதை ஈரத்திலேயே உருவாகி ஈரத்திலேயே முதிர்கிறது. அப்படியிருக்க, மற்ற பழங்களில் எல்லாம் அது ஏன் முளைக்காமல் இருக்கிறது?

பழச்சாற்றில் கரைந்துள்ள சர்க்கரையும் உப்புகளும், விதை தேவையான அளவு நீரை உறிஞ்ச விடுவதில்லை என்பது ஒரு காரணம். மற்றொன்று அப்சிசிக் அமிலம் என்னும் தாவர ஹார்மோன். விதை முளைப்பதை இது தடுப்பதால், இதற்குத் ‘தடுக்கும் ஹார்மோன்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது ஜிப்ரெல்லின். நெல் நாற்றுகளை ஒல்லியாகவும் வெளிறியும் நீளச் செய்யும் ஒரு பூஞ்சை நோயை ஆராய்ந்த குரோசாவா என்னும் ஜப்பானிய அறிஞர், அப்படி நீளச் செய்வது அந்தப் பூஞ்சை சுரக்கும் ஒரு பொருளே என்று 1926இல் தைவானில் கண்டறிந்தார். அந்தப் பொருளே பின்னர் ஜிப்ரெல்லின் என்று பெயர் பெற்றது. இதை நாம் ‘திறக்கும் ஹார்மோன்’ என்று வைத்துக்கொள்வோம். ஒன்று தடுப்பது, ஒன்று திறப்பது. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு ஹார்மோன் செடிக்குள் என்ன வேலை செய்கிறது என்பதை அறிய, அந்த ஹார்மோனைச் செய்யும் திறனையே மரபணுக் கோளாற்றால் இழந்த செடியைப் பார்ப்பதைவிடத் தெளிவான வழி இல்லை என்பது என் நெடுநாளைய நம்பிக்கை. இத்தகைய திடீர்மாற்றச் செடிகளைத் தக்காளி நமக்கு நிறையவே தந்திருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் காட்டர்ஸ்லேபென் என்னும் ஊரில் 1950களில் ஹான்ஸ் ஷ்டூபெ எக்ஸ் கதிர்களைக் கொண்டு உண்டாக்கிய வகைகளுள் ஒன்றுக்கு, இலத்தீன் மொழியில் தாகமுள்ளது என்று பொருள்படும் ‘சிட்டியென்ஸ்’ என்ற பெயர் வைக்கப்பட்டது. பொருத்தமான பெயர். மண்ணில் நீர் இருந்தும் அதன் இலைகள் வாடித் தொங்கும். தடுக்கும் ஹார்மோன் போதிய அளவு இல்லாததால், நீராவி வெளியேறும் இலைத்துளைகளை அச்செடியால் உரிய நேரத்தில் மூட முடிவதில்லை. அதே செடியின் பழம் மிகக் கனிந்துவிட்டால் விதைகள் உள்ளேயே முளைத்துவிடுகின்றன. அடுத்த வீட்டு அம்மையாரின் தட்டில் எப்போதோ ஒரு முறை நேர்ந்தது, இச்செடியில் அடிக்கடி நேர்கிறது. ‘பிளாக்கா’ என்னும் மற்றொரு வாடும் வகைக்குத் தடுக்கும் ஹார்மோனான அப்சிசிக் அமிலத்தை வெளியிலிருந்து கொடுத்தபோது, அது ஏறக்குறைய இயல்பான செடியாகத் தேறியது என்பதை இஸ்ரேலைச் சேர்ந்த இம்பர், தால் ஆகியோர் 1970இல் வெளியிட்டனர்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்கு வருகிறேன். நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில், ‘மணிமேக்கர்’ என்னும் தக்காளி ரகத்திலிருந்து, திறக்கும் ஹார்மோனான ஜிப்ரெல்லினைச் செய்ய இயலாத ஒரு வகை கிடைத்தது. அதன் விதையை எத்தனை நாள் நீரில் ஊறவைத்தாலும் முளைக்காது. ஜிப்ரெல்லின் கரைசலில் இட்டால் முளைத்துவிடும். இதைக் கேட்டவுடன், உள்ளேயிருக்கும் கருவுக்கு வளரும் ஆற்றல் இல்லை போலும் என்றே நாம் எண்ணுவோம். குரூட், கார்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் அவ்வாறு எண்ணி நின்றுவிடவில்லை. முளைவேரின் நுனிக்கு எதிரே, அதை மூடியிருக்கும் சிறு பகுதியை மட்டும் விதையிலிருந்து வெட்டி நீக்கிவிட்டு, வெறும் நீரில் ஊறவைத்தார்கள். விதை முளைத்தது! மீண்டும் சொல்கிறேன்: ஹார்மோன் ஒரு துளியும் கொடுக்கவில்லை, மூடியை நீக்கியது மட்டுமே அவர்கள் செய்தது. ஆகவே கருவுக்கு ஆற்றல் இருந்தது. வழிதான் அடைபட்டிருந்தது.

அந்த மூடி எது என்பதை விளக்கத் தேங்காயைத் துணைக்கு அழைக்கிறேன். தேங்காயில் நாம் துருவியெடுக்கும் வெள்ளைப் பருப்பு, தாவரவியலில் கருவூண் எனப்படுவது. தக்காளி விதையிலும் கருவைச் சுற்றிக் கருவூண் இருக்கிறது. இரண்டின் செல்சுவர்களிலும் மன்னான் என்னும் மாவுச்சத்தின் உறவுப் பொருள் மிகுந்திருப்பதால்தான் அவை கெட்டியாக இருக்கின்றன. நீரில் ஊறிய இயல்பான விதையில் கரு ஜிப்ரெல்லினை வெளிவிடுகிறது. அதன் தூண்டுதலால் முளைவேருக்கு முன்னுள்ள கருவூணில் மன்னானைச் சிதைக்கும் நொதி உருவாகி, சுவர்கள் தளர்கின்றன. இதை அந்த ஆய்வாளர்கள் ஊகமாக விடாமல், அந்த மூடியைக் குத்தித் துளைக்க எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று அளந்தே பார்த்தார்கள். இயல்பான விதையில் முளைவேர் வெளிவருவதற்கு முன்பே தேவைப்படும் விசை குறைந்துவிடுகிறது. ஜிப்ரெல்லின் இல்லாத விதையிலோ அது குறைவதில்லை. ஒரு தக்காளி விதையின் அளவை நினைத்துப் பாருங்கள், அதன் ஒரு முனையில் உள்ள மூடியின் உறுதியை அளந்த கைகளின் பொறுமையையும் நினைத்துப் பாருங்கள். இந்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. இன்று படிக்கும்போதும் எனக்கு மனம் நிறைகிறது.

மூடி நீக்கப்பட்டு முளைத்த அந்த நாற்றுகள் அதன்பின் என்னவாயின என்று நீங்கள் கேட்கக்கூடும். அவை குள்ளமாகவே நின்றன. கணுக்களுக்கு இடையிலான தண்டு நீளவில்லை, இலைகள் கரும்பச்சையாகச் சுருங்கியிருந்தன. ஜிப்ரெல்லின் தெளித்தால் தண்டு நீண்டது. விதையில் வாயிலைத் திறந்த அதே ஹார்மோன்தான் செடியில் தண்டை நீட்டுகிறது.

தண்டு வளர்ச்சியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘புரோசெரா’ என்னும் தக்காளி வகை அந்தக் குள்ளச் செடிக்கு மறுகோடி. யாரோ ஜிப்ரெல்லினை ஓயாமல் தெளித்ததைப் போல அது ஒல்லியாக உயர்ந்து வளரும். வளர்ச்சிக்குத் தடையாக இருக்கும் டெல்லா என்னும் புரதம் அதில் பழுதாகியிருக்கிறது. இயல்பான செடியில் அந்தத் தடையை அகற்றுவதே ஜிப்ரெல்லினின் பணி. நம் வயல்களுக்கு வந்த ஐ.ஆர். 8 நெல் சாயாமல் குட்டையாக நின்றதும் ஜிப்ரெல்லின் உற்பத்தி குறைந்ததால்தான். இனி, ஆக்சின் என்னும் மற்றொரு தாவர ஹார்மோனின் கட்டளைக்குச் சரியாகச் செவிசாய்க்காமல், தண்டு மேல்நோக்காது படுக்கைவாட்டில் வளர்வதும், பக்கவேர்கள் விடாததுமான ‘டயாஜியோட்ரோபிக்கா’ என்னும் தக்காளி இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லும் அளவுக்கே இன்று நேரம் இடம் தருகிறது. வணக்கம்.