இடிக்குப் பயந்த கருவாடும் என் 101 வெள்ளியும்

வணக்கம் மக்களே. என் கண்ணுக்குக் கீழே கருவளையம் தெரிகிறதா? தெரியட்டும், மறைக்க இன்றைக்குத் தெம்பு இல்லை. செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலேகால் மணிக்கு இடி மழையோடு சுமத்ரா காற்று அடித்ததே, நீங்கள் எல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பாக்கியம் இல்லை. முதல் இடி எனக்குக் கேட்பதற்கு முன்பே பத்தொன்பது கிலோ கருவாடு என் நெஞ்சின் மேல் ஏறி நின்றுவிட்டான். நகம் தோளில், மூச்சு என் மூக்கில். உடம்பெல்லாம் நடுக்கம். பழைய வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றில் தரையோடு சேர்ந்து ஆடுமே, அந்த ஆட்டம்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கருவாடு என்பது என் நாய். வீட்டுக்கு வந்த முதல் நாளே அம்மா ஊற வைத்திருந்த கருவாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான், பேர் தானாக அமைந்துவிட்டது. தெருவில் பிறந்த நம்ம ஊர்க் கலப்பு ஜாதி, இந்த மாதிரி நாய்களுக்கு வீடு தேடித் தரும் அடோர் திட்டத்தில் தத்தெடுத்தது. அந்தத் திட்டத்தில் வீவக அடுக்குமாடி வீட்டுக்கு 55 சென்டிமீட்டர் உயரம்தான் வரம்பு, இவன் 53. அந்த அளவுநாடா நாடகத்தை எல்லாம் பழைய வீடியோவில் பார்த்திருப்பீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் வருஷத்தில் 160 நாளுக்கு மேல் இடி இடிக்கும் ஊர். அது போதாதென்று இப்போது தேசிய தின ஒத்திகை வேறு. சனிக்கிழமை ஆனால் தலைக்கு மேல் போர் விமானம், பெரிய கொடியைத் தொங்கவிட்டுக்கொண்டு சினூக் ஹெலிகாப்டர், ராத்திரி வாணவேடிக்கை. எனக்கு அந்தக் கொடியைப் பார்த்தால் இன்னமும் சிலிர்க்கும், அது வேறு. கருவாடு அந்த நேரத்தில் கழிவறைத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே தலையைச் செருகிக்கொண்டு நிற்கிறான்.

போன மாதம் உங்களிடம் யோசனை கேட்டேன் அல்லவா? மருந்து மாத்திரை வேண்டாம், இயற்கையாக ஏதாவது சொல்லுங்கள் என்று. கேட்டது என் தப்புதான். அதன் விலை இன்றைய தேதிக்கு 101 வெள்ளி 40 காசு. கணக்குச் சொல்கிறேன்.

முதலில் பெரோமோன் கருவி. குட்டி போட்ட தாய் நாயின் மடிப்பக்கத்தில் ஒரு பொருள் சுரக்கும், குட்டிகளை அதுதான் அமைதிப்படுத்தும். அதே மாதிரி ஒன்றைத் தயாரித்துச் சின்னப் புட்டியில் அடைத்து, கொசு விரட்டி மாதிரி பிளக்கில் செருக விற்கிறார்கள். ஒரு புட்டி ஏறக்குறைய ஒரு மாதம் வரும். எனக்கு இந்த யோசனை பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கிறது. பிடிக்காதது என் புத்திதான். இங்கே கடையில் 55 வெள்ளி. நான் கெட்டிக்காரி அல்லவா? இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் 42 வெள்ளி 90 காசுக்குப் பிடித்தேன். அனுப்பும் கூலி ஆறு வெள்ளி. சரி, பரவாயில்லை. பதினோரு நாள் கழித்து வந்தது. பெட்டியைத் திறந்தால் இரண்டு உருண்டைக் கால் பிளக்! நம் வீட்டுச் சுவரில் இருப்பதோ மூன்று சதுர ஓட்டை. கீழே கடைத்தொகுதியில் போய் அடாப்டர் வாங்கினேன், 3 வெள்ளி 50 காசு. கூட்டிப் பாருங்கள். 52 வெள்ளி 40 காசு. பதினோரு நாள் காத்திருந்து நான் மிச்சம் பிடித்தது இரண்டு வெள்ளி அறுபது காசு. ஒரு கோப்பியும் பாதிப் பரோட்டாவும்.

அதோடு முடியவில்லை. அடாப்டரில் செருகினால் கருவி கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அது நிமிர்ந்து நிற்க வேண்டும், சாய்ந்தால் எண்ணெய் ஒழுங்காக ஆவியாகாது. பேப்பரை மடித்து முட்டுக் கொடுத்தேன். முட்டு விழுந்தது. அழிரப்பரை வைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, நான் அதைச் சோபாவுக்குப் பின்னால் செருகியிருக்கிறேன், மேலே காற்றாடி ஐந்தில் சுற்றுகிறது, ஜன்னல் மூன்றும் திறந்து கிடக்கிறது. தாய் நாயின் அன்பு முழுக்கச் செரங்கூன் ரோட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எதிர் புளோக்கில் இருக்கும் நாய்கள் எல்லாம் நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

அடுத்தது இறுக்கிக் கட்டும் சட்டை, 49 வெள்ளி. குழந்தையைத் துணியில் சுற்றுகிற மாதிரி உடம்பை அணைத்துப் பிடிக்கும் என்பது அதன் தத்துவம். சில நாய்களுக்கு உதவுகிறது, அதை மறுக்கவில்லை. கருவாடு அதைப் போட்டதும் ஐயனார் கோயில் குதிரை மாதிரி அசையாமல் நின்றான். நான்கூட ஆகா, அமைதியாகிவிட்டான் என்று கைதட்டினேன். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் நாக்கு தொங்குகிறது, மேல்மூச்சு வாங்குகிறது. முப்பத்திரண்டு டிகிரியில் எனக்கு டி-சட்டையே பாரம், அவனுக்குத் தடித்த துணியைச் சுற்றினால் எப்படி இருக்கும்? கழற்றி மடித்து வைத்துவிட்டேன். பக்கத்தில் யாருக்காவது குளிரூட்டிய அறையும் நடுத்தர அளவு நாயும் இருந்தால் சொல்லுங்கள், சும்மாவே தருகிறேன்.

இப்போது அம்மாவின் பக்கம். அம்மா என்னை விட இயற்கை. ஜாதிக்காயைப் பாலில் உரைத்து ஒரு சங்கு கொடு, நீ குழந்தையாக இருந்தபோது அதில்தான் தூங்கினாய் என்றார். கல்லில் இரண்டு உரை உரைத்தும்விட்டார். வாசம் வந்து நான் அடுப்படிக்கு ஓடினேன். ஜாதிக்காய் நாய்க்கு விஷம் மக்களே. மிரிஸ்டிசின் என்று ஒரு பொருள் அதில் இருக்கிறது. அதிகமானால் இதயம் படபடக்கும், குழம்பிப்போய்த் தடுமாறும், வலிப்புகூட வரலாம். சரி, கற்பூரமாவது ஏற்றிக் காட்டுகிறேன் என்றார். கற்பூரமும் ஆகாது, அதைத் தின்றாலும் ஆபத்து, தோலில் பட்டாலும் உள்ளே போகும். நெற்றியில் தேய்க்கும் தலைவலித் தைலத்திலும் அதுதான் இருக்கிறது. கடைசியில் அம்மா கோபித்துக்கொண்டு திருநீறு பூசிவிட்டார். அதற்கு நான் எதுவும் சொல்லவில்லை. அவனுக்கு அழகாகத்தான் இருந்தது.

இயற்கை என்ற வார்த்தை மேல் எனக்கு இப்போது தீராத எரிச்சல். அரளியும் இயற்கைதான். உங்கள் யோசனைகளிலும் பாதி அப்படி. டீ ட்ரீ எண்ணெய் தடவச் சொன்னவர் யார்? தயவு செய்து வேண்டாம், அது நாய்க்கு நஞ்சு. பச்சைத் தேநீர் கொடுக்கச் சொன்ன தம்பி, அதில் எல்-தியானின் இருப்பது உண்மை, நாய்களுக்கான அமைதி மாத்திரைகளிலும் அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் தேநீரில் கஃபீனும் இருக்கிறதே, அது நாய்க்கு ஆகாது. அமெரிக்காவில் இருக்கும் ஒரு அக்கா, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய் அனுப்பட்டுமா என்று அன்பாகக் கேட்டிருந்தார். அக்கா, அங்கே அது பூனை நாய்க்கு எல்லாம் கடையில் கிடைக்கும். இங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். நாய்க்கு வாங்கினேன் என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களிடம் தப்பிக்க முடியாது.

சீமைச்சாமந்தி, அதாவது கெமோமைல், விஷயத்தில் நானே ஏமாந்தேன். கெமோமைல் என்று நினைத்துப் பேரங்காடியில் பூப் போட்ட ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் பார்த்தால் அது நாம் வெயிலுக்குக் குடிக்கும் சாதாரணச் சாமந்திப்பூத் தேநீர், சர்க்கரை சேர்த்தது. சாமந்தியும் நாய்க்கு ஆகாத செடிகளில் ஒன்று. நான் ஐஸ் போட்டுக் குடித்தேன். நன்றாக இருந்தது.

லாவெண்டர் மட்டும் கொஞ்சம் ஆதாரத்தோடு வருகிறது. 2006ல் வந்த ஒரு பெல்ஃபாஸ்ட் ஆய்வில் 32 நாய்களிடம் சோதித்தார்கள், எல்லாம் காரில் ஏறினால் குதிக்கிற ரகம். லாவெண்டர் வாசம் இருந்த பயணத்தில் அதிக நேரம் உட்கார்ந்தும் படுத்தும் வந்தன. ஆனால் அது வெறும் வாசம். எண்ணெயைத் தடவவோ நக்க விடவோ கூடாது. நான் ஒரு துணியில் ஒரே ஒரு சொட்டு விட்டு அறை மூலையில் போட்டேன். கருவாடு முகர்ந்தான், தும்மினான், எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டான். பதில் சொல்லிவிட்டான், நானும் ஏற்றுக்கொண்டேன்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் விலங்கு மருத்துவரிடம் போனேன். எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலும் நாயை ஏற்ற முடியாதே, செல்லப்பிராணி ஏற்றும் வாடகைக் கார் போக வர எவ்வளவு என்று சொன்னால் நீங்கள் அழுவீர்கள், அதனால் 101 வெள்ளியில் அதைச் சேர்க்கவில்லை. டாக்டர் முதலில் கேட்டது, இந்தப் பயம் சின்ன வயதிலிருந்தா, இல்லை இப்போது புதிதாகவா? அப்புறம் இடுப்பு, முழங்கால், முதுகு எல்லாம் அழுத்திப் பார்த்தார். எனக்குப் புரியவில்லை, இடிக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறதாம். சத்தத்துக்குத் திடுக்கிட்டு உடம்பு விறைக்கும்போது மூட்டு வலித்தால், அந்த வலியையும் சத்தத்தையும் நாய் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. 2018ல் வந்த ஒரு ஆய்வில் வலி இருந்த நாய்களுக்குச் சத்தப் பயம் மற்றவற்றை விட நாலு வருஷம் போலத் தாமதமாகத்தான் தொடங்கியிருந்தது. ஆகவே வயதான நாய் திடீரென்று பயந்தால், சட்டை வாங்காதீர்கள், முதலில் காட்டுங்கள். கருவாட்டுக்கு மூட்டில் எதுவும் இல்லை. இவன் குட்டியிலிருந்தே பயந்தாங்கொள்ளி.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார், இடி இடிக்கும்போது தின்கிறானா? தின்றால் கொடு. நான் சொன்னேன், பயப்படும்போது கொடுத்தால் பயம் இன்னும் அதிகமாகாதா டாக்டர்? ஆகாது என்றார். பயம் என்பது குறும்பு இல்லை, பரிசு கொடுத்து வளர்க்க. சத்தம் வந்த அடுத்த நொடி ருசியானது வர வேண்டும், ஒவ்வொரு தடவையும். 2020ல் வந்த ஒரு ஆய்வில் 1,200க்கு மேற்பட்ட நாய்க்காரர்களிடம் வாணவேடிக்கைப் பயத்துக்கு எது உதவியது என்று கேட்டிருக்கிறார்கள். இப்படித் தின்னக் கொடுத்தவர்களில் 70 சதவிகிதத்துக்கு மேல் பலன் இருந்தது என்றார்கள். இறுக்கும் சட்டைக்கு 44. பெரோமோன், மூலிகை, எண்ணெய், பூச்சாறு எதுவும் 35ஐத் தாண்டவில்லை. இதை நான் படித்தது எப்போது? அடாப்டர் வாங்கிய பிறகு.

சரி, எதைக் கொடுப்பது? கடை பிஸ்கட்டை இவன் பயத்தில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பேருக்கு ஏற்ற மாதிரி தேக்கா ஈரச்சந்தைக்குப் போனேன். இரண்டே ஸ்டேஷன். நெத்திலி, அதாவது இக்கான் பிலிஸ், சின்ன ரகம், நூறு கிராம் மூன்று வெள்ளி. கடைக்கார அண்ணன் சம்பாலுக்கா தங்கச்சி, உரித்ததே தரவா என்றார். நாய்க்கு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் அண்ணே என்றுவிட்டேன்.

அப்படியே கொடுக்காதீர்கள், உப்பு. இரண்டு மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரை மூன்று தடவை மாற்றி, ஏர் ஃபிரையரில் மொறுமொறுவென்று எடுத்தேன். வீடு முழுக்க நாற்றம், மேல் மாடிச் சீன ஆண்டி நாசி லெமாக்கா என்று கேட்டார். ஒரு நெத்திலியை மூன்றாகக் கிள்ளி வைத்துக்கொள்கிறேன், ஒரு இடிக்கு ஒரு துண்டு.

இடம்தான் இன்னொரு கண்டுபிடிப்பு. எங்கள் வீட்டில் பாம் ஷெல்டர் என்ற குண்டுப் பதுங்கறை இருக்கிறது இல்லையா, அரிசி மூட்டை, கிறிஸ்துமஸ் மரம், அம்மாவின் எவர்சில்வர் அண்டா எல்லாம் கிடக்கும் அறை. தடித்த கான்கிரீட் சுவர், ஜன்னல் கிடையாது, மின்னல் தெரியாது, சத்தமும் மங்கும். அதைக் காலி செய்து என் பழைய போர்வையை விரித்தேன். இரும்புக் கதவைச் சாத்தவே மாட்டேன், அவனாக வர வேண்டும், அவனாகப் போக வேண்டும். வாசலில் சின்ன ரேடியோவில் ஒலி 968 மெதுவாக ஓடும். ஸ்காட்லாந்தில் நாய்களுக்கு ரெகே பிடித்தது என்று 2017ல் சொன்னார்கள். கருவாட்டுக்குப் பழைய பாட்டு நிகழ்ச்சி போதும்.

போர் விமானத்துக்குப் பயந்த நாய் பாம் ஷெல்டரில் படுத்திருக்கிறது. அரசாங்கம் கட்டிக் கொடுத்ததற்கு எங்கள் வீட்டில்தான் முழுப் பயன்.

வியாழக்கிழமை மதியம் நல்ல இடி. முதல் இடி, ஓடினான், நடுங்கினான், துண்டை வாயில் வைத்துத் துப்பினான். இரண்டாவது, முகர்ந்தான். நாலாவதுக்குத் தின்றான். ஏழாவது இடி இடித்ததும் என்ன செய்தான் தெரியுமா? தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தான். வால் இன்னும் காலுக்கு நடுவேதான், நடுக்கமும் இருக்கிறது, நான் பொய் சொல்லவில்லை. ஆனால் கண் என் கையில். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திருநீறு வேலை செய்கிறது என்றார்.

இருங்கள், அது என்ன சத்தம்? மணி என்ன, ஆறு இருபதா... இன்றைக்குச் சனிக்கிழமை, மறந்தேபோனேன். ஹெலிகாப்டர். உங்களுக்குக் கேட்கிறதா? கருவாடு எழுந்துவிட்டான், ஷெல்டர் பக்கம்தான் போகிறான். அம்மா, நெத்திலி டப்பா எங்கே? பிரிட்ஜ் மேலே இல்லை! அம்மா!